34 ஆண்டுகள் கழித்து உறைந்து நின்ற டெட்ரிஸ்: ஒரு வீடியோ கேமை ‘கிளாசிக்’ ஆக்குவது எது?

2023 டிசம்பர் 21. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பழைய நின்டெண்டோ இயந்திரத்துக்கான டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருந்தான். மேலிருந்து விழும் துண்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்கி, வரிசை வரிசையாக நிரப்பி அழிக்கும் கேம் அது. 157-ஆவது லெவலில் ஒரு வரிசையை நிரப்பினான். திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் உலகம் முழுக்கச் செய்தி: டெட்ரிஸை வென்ற முதல் மனிதன்.

படித்த பலருக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. டெட்ரிஸுக்கு முடிவே கிடையாதே, அதை எப்படி வெல்வது? மென்பொருள் தடுமாறி நின்றதை வெற்றி என்பார்களா? இவற்றைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று. 1989-இல் வந்த அந்த நின்டெண்டோ பதிப்பை, அது வந்து இருபது ஆண்டுக்குப் பிறகு பிறந்த பையன் எதற்காக ஆடிக்கொண்டிருக்கிறான்? அவனுக்கு அதில் பால்ய நினைவு எதுவும் இல்லை. அவனைவிட வயதான கேம் அது.

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், ஒரு கேமை எதற்காக கிளாசிக் என்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

## முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

‘கிளாசிக்’ இன்று எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்டப்படும் ஸ்டிக்கர். நாலு வருடம் பழசான கேமை விலை குறைத்து விற்கும்போதும் அந்த ஸ்டிக்கர்தான். ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும் சொற்கள் மொத்தம் நான்கு.

1. ரெட்ரோ: இது தோற்றத்தைக் குறிக்கும் சொல். கட்டம் கட்டமான படம், பீப் பீப் என்ற இசை. நேற்று வெளியான கேம்கூட ரெட்ரோவாக இருக்கலாம்.
2. ஹிட்: விற்பனைக் கணக்கு. அந்த ஆண்டோடு முடிந்துபோகலாம்.
3. முன்னோடி: ஒரு வகையைத் தொடங்கிவைத்தது. 1972-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பாங் என்ற டேபிள் டென்னிஸ் கேம் முன்னோடி. வீடியோ கேம் என்ற தொழிலையே நிலைநிறுத்தியது. ஆனால் இன்று பாங்கை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆடுகிறவரைப் பார்ப்பது அபூர்வம்.
4. கிளாசிக்: வந்த காலத்தின் விளம்பரமும் புதுமையும் பேச்சும் உதிர்ந்துபோன பிறகும், அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தால் “இன்னும் ஒரு தடவை” என்று சொல்ல வைப்பது.

நான்காவது வரையறை என்னுடையது. எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ‘கிளாசிக்’ என்றதும் நமக்குச் செவ்வியல், செம்மொழி என்று மனம் போகும். செம்மொழித் தகுதிக்கு வயது ஒரு கட்டாய அளவுகோல். ஆயிரக்கணக்கில் ஆண்டு கேட்பார்கள். கேம்களில் வயது தேர்வு மையத்துக்குள் நுழைவதற்கான சீட்டு மாதிரி, அவ்வளவுதான். நுழைந்தவர்கள் எல்லோரும் பாஸ் ஆவதில்லை.

புகழும் போதாது. 1982-இல் அட்டாரி, ‘இ.டி.’ திரைப்படத்தை வைத்து ஒரு கேம் வெளியிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் வந்தாக வேண்டும் என்பதால் அதை உருவாக்கிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். விற்காமல் தேங்கிய சரக்கு 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டது. 2014-இல் தோண்டி எடுத்து உறுதிசெய்தார்கள். கேம் வரலாற்றில் இதைவிடப் பிரபலமான கதை குறைவு. ஆனாலும் அந்தக் கேமை யாரும் கிளாசிக் என்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் பேசுவது புதைத்த கதையைத்தான், ஆடிய அனுபவத்தை அல்ல.

## ஏழு துண்டுகள், ஒரு தொட்டி

டெட்ரிஸ் பிறந்தது 1984-இல், மாஸ்கோவில். சோவியத் அறிவியல் அகாடமியின் கணினி மையத்தில் வேலைபார்த்த அலெக்சி பஜித்னோவ் அதை எழுதியது எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில். அதில் படம் வரையும் வசதியே கிடையாது, எழுத்து மட்டும்தான் தெரியும். அதனால் அடைப்புக்குறிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கித் துண்டுகளைக் காட்டினார். அழகு, வண்ணம், இசை, கதை, கதாபாத்திரம் எதுவும் இல்லாமல் அந்த நிலையிலேயே அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார்கள்.

அவருக்குப் பிடித்த மரப் புதிரில் ஐந்து சதுரங்கள் ஒட்டிய 12 வடிவங்கள் இருந்தன. அதை நான்கு சதுரமாகக் குறைத்தார்; ஏழு வடிவங்கள் கிடைத்தன. மனிதன் ஒரே பார்வையில் அடையாளம் கண்டு, யோசிக்காமல் கையாளக்கூடிய எண்ணிக்கை. அடுத்த பிரச்சினை, துண்டுகள் விழுந்து அடுக்கும் தொட்டி சில விநாடிகளில் நிரம்பிவிட்டது. நிரம்பிய வரிசையால் இனி பயனில்லை, ஆகவே அதை அழித்துவிடலாம் என்று முடிவுசெய்தார். டெட்ரிஸ் டெட்ரிஸ் ஆனது அந்த இடத்தில்தான். சரியாகச் செய்தது மறைந்துவிடுகிறது. தவறாக வைத்தது மட்டும் கண்ணெதிரே மேலே மேலே ஏறுகிறது.

ஒரு விதிதான், ஆனால் அதிலிருந்து ஒரு பேராசைக் கணக்கு கிளம்புகிறது. நின்டெண்டோ பதிப்பில் முதல் லெவலில் ஒரு வரிசையை அழித்தால் 40 புள்ளி. நான்கு வரிசையை ஒரே அடியில் அழித்தால் 1200. நான்கு முறை தனித்தனியாக அழித்தால் 160 தான் தேறும். அதனால் ஓரத்தில் ஒரு குழி விட்டு, மற்றதை நிரப்பிக்கொண்டே, நான்கு சதுரமும் நேராக ஒட்டிய நீளக் குச்சிக்காகக் காத்திருப்பார்கள். குச்சி வரவில்லையென்றால் தொட்டி நிரம்பித் தோற்க வேண்டியதுதான். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை விதி சொல்வதில்லை. ஆடுபவரின் குணம்தான் அங்கே ஆடுகிறது.

1989-இல் ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வணிகர் மாஸ்கோவுக்குப் போய்க் கைக்கருவிகளுக்கான உரிமையைப் பெற்றுவர, நின்டெண்டோ தன் கேம் பாய் கருவியோடு டெட்ரிஸையும் சேர்த்து விற்றது. அந்தப் பதிப்பு மட்டும் 3.5 கோடிப் பிரதி விற்றது. பஜித்னோவுக்கு அதில் பங்கு வரத் தொடங்கியது 1996-இல், உரிமை அவர் கைக்குத் திரும்பிய பிறகு. இந்த உரிமைச் சண்டை தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே வேண்டாம்.

## லெவல் 29 என்ற சுவர்

இனி அந்தச் சிறுவன் செய்தது என்ன என்று பார்க்கலாம். இதற்குக் கொஞ்சம் கணக்கு தேவை.

நின்டெண்டோ இயந்திரம் விநாடிக்கு 60 முறை திரையைப் புதிதாகக் காட்டும். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். தொட்டியின் உயரம் 20 வரிசை, அகலம் 10 கட்டம். லெவல் 19 முதல் 28 வரை ஒரு துண்டு ஒரு வரிசை இறங்க 2 ஃபிரேம் ஆகும். லெவல் 29-இல் அது 1 ஃபிரேம். அதாவது மேலிருந்து அடிவரை விழ மூன்றில் ஒரு பங்கு விநாடிதான்.

துண்டைப் பக்கவாட்டில் நகர்த்த பட்டனை அழுத்திப் பிடித்தால், இயந்திரம் 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டம் நகர்த்தும். 20 ஃபிரேமில் மூன்று, நான்கு கட்டம்தான் தேறும். நடுவில் பிறக்கும் துண்டு ஓரத்துக்குப் போக ஐந்து கட்டம்வரை தேவை. தொட்டியில் ஏற்கெனவே அடுக்கு ஏறியிருந்தால் நேரம் இன்னும் குறைவு. ஆக ஓரம் நிரம்பாது, நடு மட்டும் கோபுரமாக எழும்பும், ஆட்டம் முடியும். இருபது ஆண்டுக்கு மேலாக லெவல் 29-தான் கேமின் முடிவு என்று எல்லோரும் நம்பினார்கள். ஆடுபவர்கள் வைத்த பெயர் கில் ஸ்கிரீன்: ஆளைக் கொல்லும் திரை.

பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். மென்பொருளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது விரல்.

பட்டனை அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாக, கட்டைவிரலை நடுங்கவைத்து விநாடிக்குப் பத்து முறைக்கும் மேல் தட்டினால் இயந்திரத்தின் வேகத்தைத் தாண்டலாம் என்று சிலர் கண்டுகொண்டார்கள். இதற்குப் பெயர் ஹைப்பர்டேப்பிங். 1990-இன் நின்டெண்டோ உலகப் போட்டியில் வென்ற தோர் ஆக்கர்லண்ட், 2011-இல் இப்படித்தான் லெவல் 30-ஐ எட்டிக் காட்டினார். 2010-இல் ஆண்டுதோறும் நடக்கும் கிளாசிக் டெட்ரிஸ் உலகப் போட்டி தொடங்கியிருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் கோலோச்சிய அந்த மேடையை 2018-இல் 16 வயதுப் பையன் ஒருவன் கைப்பற்றினான். அவனும் ஹைப்பர்டேப்பர்.

2020-களின் தொடக்கத்தில் ரோலிங் வந்தது. பட்டன்மேல் கட்டைவிரலைச் சும்மா வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் முதுகுப்பக்கத்தை மற்ற விரல்களால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பெஞ்சில் விரலால் தாளம் போடுவோமே, அதே அசைவு. ஒவ்வொரு தட்டுக்கும் பட்டன் கட்டைவிரலில் வந்து மோதும். விநாடிக்கு இருபது தட்டுவரை போகலாம், கையும் வலிக்காது. சுவர் இடிந்தது.

அப்புறம் எல்லை எது? உருவாக்கியவர்கள் யாரும் போவார்கள் என்று எதிர்பாராத லெவல்களுக்குள் ஆட்டக்காரர்கள் நுழைந்தார்கள். 138-ஆவது லெவலில் இருந்து வண்ண அட்டவணையைத் தாண்டி நினைவகத்தின் வேறு பகுதியை இயந்திரம் வாசிக்கத் தொடங்க, துண்டுகள் விசித்திர நிறங்களில் வந்தன. சில லெவல்களில் கருப்புத் திரையில் கருப்புத் துண்டு. 155-இல் இருந்து வேறொரு ஆபத்து. புள்ளியைக் கூட்டும் கணக்கு ஒரு ஃபிரேமுக்குள் முடியாமல் இழுக்கும், அதற்குள் அடுத்த ஃபிரேம் வந்து குறுக்கிடும், சில சூழலில் மென்பொருள் திசைதப்பி நின்றுவிடும். அந்தச் சிறுவன் எட்டியது இந்த இடத்தைத்தான். அதற்கு மேல் அந்தக் கேமிடம் கொடுக்க எதுவும் இல்லை என்ற பொருளில் அது வெற்றி.

அந்தப் பதிப்புக்கு 34 வயது. அந்த 34 ஆண்டிலும் கேம் அசையவில்லை, ஆடுபவர்கள்தான் அதில் இல்லாத வாசல்களைத் திறந்துகொண்டே போனார்கள். கிளாசிக் என்பதற்கு நான் தேடும் அறிகுறி இதுதான்: காலம் கடந்தும் அதில் கண்டுபிடிக்க ஏதோ பாக்கி இருப்பது.

## அந்தப் ‘பாக்கி’ எங்கிருந்து வருகிறது?

டெட்ரிஸை மட்டும் வைத்துப் பொதுவிதி சொல்லக் கூடாது. வேறு ஐந்து கேம்களைத் திறந்து பார்த்தால் சில பொதுக் கூறுகள் தெரிகின்றன.

1. சொல்லாமல் சொல்லிக்கொடுப்பது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் வெற்றிடம். எங்கே போக வேண்டும் என்று எழுதிவைக்கத் தேவையில்லை. சில அடி நடந்ததும் முறைத்த முகத்தோடு கூம்பா என்ற ஜந்து எதிரே வருகிறது. தொட்டால் சாவு. இழப்பு ஒன்றுமில்லை, தொடக்கத்திலேயே இருப்பதால் மறுபடி நடக்கலாம். இந்த முறை குதிப்பீர்கள். குதித்ததும் மேலே இருக்கும் கேள்விக்குறிப் பெட்டியில் தலை இடிக்கும், ஒரு காளான் வெளியே வரும்.

காளானும் கூம்பாவும் பார்க்க ஏறக்குறைய ஒரே ஜாடை. பயந்து விலகத்தான் தோன்றும். ஆனால் காளான் வலப்பக்கமாக ஓடி, குழாயில் முட்டி, திரும்பி உங்களை நோக்கியே வரும். தாண்டலாம் என்று குதித்தால் மேலே செங்கல் தடுக்கும். காளான் உங்கள்மேல் பட்டுவிடும், மாரியோ பெரியவனாவான். நல்லது எது கெட்டது எது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் இருபது விநாடியில் கற்றுவிட்டீர்கள். இதை வடிவமைத்த ஷிகேரு மியாமோதோ, இந்த அமைப்பு திட்டமிட்டே செய்யப்பட்டது என்று பின்னாளில் விளக்கியிருக்கிறார். மொழி தேவைப்படாத இந்தப் பாடம்தான் அந்தக் கேமை ஜப்பானிலிருந்து நம் ஊர்வரை கொண்டுவந்தது. (முழுக் கேமின் அளவு 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது. இடம் மிச்சம் பிடிக்க, வானத்து மேகத்தையே பச்சை பூசிப் புதராக்கியிருக்கிறார்கள்.)

2. தோற்றால் காரணம் புரிவது. தோரு இவாதானி 1980-இல் நாம்கோ நிறுவனத்துக்காக உருவாக்கிய பேக்-மேனில், வளைந்து செல்லும் பாதைகளில் புள்ளிகளைத் தின்றபடி ஓடும் உங்களைத் துரத்த நான்கு பேய்கள். நான்கும் கண்டபடி துரத்துவதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் இடத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம், உங்கள் நிலையையும் சிவப்புப் பேயின் நிலையையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு, தூரத்தில் இருந்தால் துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் மூலைக்கு ஓடும். துரத்தலில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. ஆகவே ஒவ்வொரு தோல்வியிலும் “அந்தத் திருப்பத்தில் போயிருக்கக் கூடாது” என்று ஒரு தடயம் மிஞ்சும். அதுதான் அடுத்த நாணயத்தைப் போட வைக்கும்.

3. உருவாக்கியவர் நினைக்காததும் நடப்பது. 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மற்றவை வேகமாக இறங்கும். இது நாடக உத்தியாகத் தொடங்கவில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்தக் காலச் செயலி வேகமெடுத்தது. கேமை உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். 1991-இல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ஒரு அடியோடு அடுத்த அடியைத் தடுக்க முடியாதபடி கோத்துவிடும் ‘காம்போ’வும் திட்டத்தில் இல்லாத ஒன்று. சோதனையின்போது கவனித்து, இதை யார் செய்யப்போகிறார்கள் என்று விட்டுவைத்தார்கள். இன்று சண்டைக் கேம் என்ற வகையே காம்போவின் மீது நிற்கிறது.

4. பிறர் கைவைக்க இடம் இருப்பது. 1993 டிசம்பரில் வந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமில், கேமை இயக்கும் நிரல் ஒரு கோப்பிலும் வரைபடம், ஒலி, எதிரிகள் எல்லாம் வேறு கோப்பிலும் இருந்தன. யார் வேண்டுமானாலும் தங்கள் லெவலைச் செய்து மாட்டலாம். 1997-இல் நிரலையே வெளியிட்டார்கள். அதன்பின் டூம் ஓடாத கருவி இல்லை; 2022-இல் ஒரு டிராக்டரின் திரையில்கூட ஓட்டிக் காட்டினார்கள்.

ஒரு கிளாசிக்கில் நான்கும் இருக்க வேண்டும் என்றில்லை. டெட்ரிஸில் நான்காவது அநேகமாகக் கிடையாது. உரிமையாளர்கள் பிடியை விடுவதே இல்லை.

## நினைவு சொல்லும் பொய்

தமிழ்நாட்டில் 1990-களில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் கிளாசிக் பட்டியல் வரிசையாக வரும்: மாரியோ, கான்ட்ரா, டக் ஹண்ட், ரோட் ஃபைட்டர். நாம் ஆடியது பெரும்பாலும் நின்டெண்டோ இயந்திரத்தின் மலிவு நகல்களில். கார்ட்ரிட்ஜை யாரும் கார்ட்ரிட்ஜ் என்றதில்லை, அது கேசட். மஞ்சள் கேசட்டில் 9999 கேம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில டஜன் கேம்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். கேசட் ஓடாவிட்டால் எடுத்து ஊதிவிட்டுப் போடுவது தேசியச் சிகிச்சை.

இந்தப் பட்டியலில் எது கேமின் தகுதி, எது கோடை விடுமுறையின் வாசனை என்று பிரிக்க ஒரே வழி, அந்த விடுமுறை இல்லாத ஒருவரிடம் கொடுப்பதுதான். பத்து வயதுக் குழந்தையிடம் ரோட் ஃபைட்டரைக் கொடுத்தால் கார் மோதி மோதி ஐந்து நிமிடத்தில் சலிக்கும். மாரியோவைக் கொடுத்தால் உங்களுக்குத் திரும்பக் கிடைக்க நேரமாகும். 1997-இல் நோக்கியா 6110-இல் வந்த ஸ்நேக் இந்தச் சோதனையில் தேறும் என்பது என் கணிப்பு. சாப்பிட்ட ஒவ்வொரு புள்ளியும் வாலை நீட்டி, சம்பாதித்ததே பிறகு வழியை அடைக்கும் அந்த ஏற்பாட்டுக்கு வயதே ஆகவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். ஒருமுறை ஆடி முடித்துவிடும் கதைக் கேம்கள் என்னாவது? ஃபைனல் ஃபேன்டசி 7 (1997), ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் (2005) போன்றவற்றில் லெவல் 29-ஐ உடைக்கும் விரல் வித்தை முக்கியமில்லை. ஆனாலும் அவை கிளாசிக்தான். அங்கே ‘பாக்கி’ இருப்பது திறமையில் அல்ல, பொருளில். கொலோசஸில் பதினாறு பிரம்மாண்ட உயிர்களை நீங்களே கொல்ல வேண்டும்; ஒவ்வொன்று விழும்போதும் வெற்றி இசைக்குப் பதில் துக்கம் ஒலிக்கும். பட்டனை அழுத்தியது நீங்கள். படம் பார்ப்பவருக்கு வராத குற்றவுணர்வு ஆடியவருக்கு வரும். கேம் வடிவத்தால் மட்டுமே சொல்ல முடிந்ததைச் சொன்னால் ஒருமுறை ஆடினாலும் போதும்.

## பட்டம் கொடுப்பவர்கள்

நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் இருக்கும் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் 2015 முதல் உலக வீடியோ கேம் புகழ்மண்டபம் என்ற ஒன்றை நடத்துகிறது. அளவுகோல் நான்கு: பரவலாக அறியப்பட்டிருப்பது, நீடித்த ஆயுள், எல்லை கடந்த பரவல், பின்வந்த கேம்கள் மீதான தாக்கம். முதல் ஆண்டில் இடம்பெற்றவை பாங், பேக்-மேன், டெட்ரிஸ், சூப்பர் மாரியோ பிரதர்ஸ், டூம், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்.

நான் முன்னோடி என்று ஒதுக்கிய பாங் முதல் வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். தாக்கம் ஒன்றே போதும் என்பது அவர்கள் நிலை. அருங்காட்சியகத்துக்கு அது சரி. 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 கேம்களைச் சேர்த்தபோது வேறு கண்ணாடி போட்டுப் பார்த்தது. வடிவமைப்புதான் அளவுகோல் என்றதால் அந்தப் பட்டியலில் டெட்ரிஸும் பேக்-மேனும் உண்டு, டூமும் மாரியோவும் இல்லை.

## பூட்டிய கேம் கிளாசிக் ஆகுமா?

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 34 ஆண்டு கழித்து ஒருவர் ஆட வேண்டுமானால் கேம் ஆடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். கோயில் மண்டபத் தரையில் யாரோ கீறிவைத்த ஆடுபுலி ஆட்டக் கட்டத்தில் இன்றும் மூன்று புலியும் பதினைந்து ஆடுமாக உட்கார்ந்து ஆடலாம். வீடியோ கேமுக்கு அந்த வசதி இல்லை. இயந்திரம் வேண்டும், மென்பொருள் வேண்டும், இப்போது சர்வரும் வேண்டும்.

2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதத்தை இன்று முறைப்படி கடையில் வாங்க முடியாது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. டிஜிட்டலாக மட்டுமே வந்த கேம்களுக்குக் கதவு மூடியது.

புதிய கேம்களின் நிலை இன்னும் மோசம். 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமைத் தனியாக ஆடினாலும் சர்வரோடு தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள்; காசு கொடுத்து வாங்கியவர்களின் வட்டும் வெறும் வட்டானது. அதை ஒட்டி ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கார், இசை உரிமங்கள் காலாவதியாகும், தனியார் சர்வர்களில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பது நிறுவனங்கள் தரப்பு வாதம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் விற்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் கேட்பது அந்த அளவுதான்: வாங்குபவருக்குக் கிடைப்பது பொருள் அல்ல, உரிமம் என்று விற்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும் கேம் காணாமல் போகலாம். பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தது; ஒவ்வொரு புதுப்பிப்பும் பழையதன்மேல் எழுதப்பட்டது. 2004-இன் அந்த உலகம் வேண்டும் என்றவர்கள் தாங்களாகவே தனிச் சர்வர் நடத்தினார்கள். அவற்றில் பெரிய ஒன்று 2016-இல் கேமை வெளியிட்ட நிறுவனத்தின் சட்ட எச்சரிக்கையால் மூடப்பட, எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 2019-இல் நிறுவனமே பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தது.

திரும்பக் கொண்டுவருவதிலும் கோளாறு நடக்கும். 2021 நவம்பரில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (ஜிடிஏ) வரிசையின் மூன்று பழைய கேம்களைப் புதுப்பித்து ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸில் ‘டஃப் நட்’ என்ற டோனட் கடை உண்டு. பெயரில் இருக்கும் ‘நட்’டை வைத்துப் பலகையில் அறுகோண இரும்பு நட் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். அதுதான் நகைச்சுவை. புதுப்பித்தபோது மூலைகள் மழுங்கி நட் வட்டமாகிவிட்டது. படம் வழவழப்பானது, நகைச்சுவை செத்தது. போதாததற்குப் பழைய பதிப்புகளை விற்பனையிலிருந்தும் எடுத்திருந்தார்கள். கண்டனம் வலுத்தபின் மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளைத் திரும்ப விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

டெட்ரிஸுக்கு இந்தச் சிக்கல் எதுவும் வரவில்லை. 1989-இன் கேசட் யாரிடமும் அனுமதி கேட்காமல் இன்றும் ஓடும். அதன் நிரலை வரிவரியாகப் படித்து, எந்த லெவலில் எந்த வரிசையை அழித்தால் திரை உறையும் என்று ஆட்டக்காரர்கள் பட்டியலே போட்டிருக்கிறார்கள். உறையும் பிழையை மட்டும் நீக்கிய ஒரு பதிப்பையும் தயாரித்தார்கள். 2024 அக்டோபரில் அந்தப் பதிப்பில் ஆடிய அமெரிக்க இளைஞர் ஒருவர் 255-ஆவது லெவலைக் கடந்தார். இயந்திரத்தின் எண்ணும் திறன் அதோடு தீர்ந்துவிடும். எண் சுழன்று பூஜ்யத்துக்கு வந்தது. அதுவரை மின்னலாய்க் கொட்டிக்கொண்டிருந்த துண்டுகள், முதன்முதலில் ஆடுபவருக்கு விழுவதுபோல, மெதுவாக இறங்கத் தொடங்கின.